ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள்

‘மாபெரும் இலவச மருத்துவ முகாம்’ என்ற பேனரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பேனரில் தலைவர், செயலாளர், பொருளாளர், இடம் கொடுத்த மண்டபத்துக்காரர் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். உள்ளே முதல் மேஜையில் பி.பி. பார்ப்பார்கள், அடுத்ததில் விரல் நுனியைக் குத்திச் சுகர் பார்ப்பார்கள். மூன்றாவது மேஜையில் டாக்டர் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் பத்து நாளைக்கு மாத்திரை எழுதுவார், நான்காவதில் அதை எண்ணிக் கொடுப்பார்கள். மத்தியானம் மேடையில் ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொள்வார்கள். மறுநாள் பேப்பரில் ‘ஏராளமானோர் பயனடைந்தனர்’ என்று வரும். பிரஷரும் சுகரும் பத்து நாளில் போகிற காய்ச்சலா என்ன? பதினோராம் நாள் அந்த ஆள் என்ன செய்வார்? இதை நான் சங்கத்துக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு, “உங்களுக்கு எதைச் செஞ்சாலும் நொட்டைதானுங்க” என்ற பெயரை வாங்கி வைத்திருக்கிறேன்.

இவ்வளவு எரிச்சல் இருந்தும் எங்கள் ஏரியா முகாமில் பதிவு மேஜையில் உட்காருவது நான்தான். திருப்பூரில், பெரிய பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களுக்குக் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சம்பளப் பட்டியல், ஜி.எஸ்.டி., பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் பழகிய கை என்பதால், சங்கச் செயலாளராக இருக்கும் நண்பன் நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிடுவான். பெயர், வயது, தெரு, போன் எழுத வேண்டும். வேலை போகிற போக்கில் நானாக ஒரு கட்டம் சேர்த்தேன்: எங்கே வேலை, என்ன அட்டை இருக்கிறது. எரிச்சலுக்கு ஒரு ஆதாரம் தேடும் எண்ணம்தான், வேறு பெரிய நோக்கம் ஒன்றுமில்லை.

என்னை உறுத்திய கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் இலவச வைத்தியத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, ஜி.எச். உண்டு, இப்போது மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே வந்துவிட்டது. மருந்தும் பெரும்பாலும் இருக்கும். 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தி, மாநிலம் முழுமைக்கும் மருந்தை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்கு வழியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு அது. அப்படியிருக்க, வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில் குளித்துத் தலைவாரிக்கொண்டு இவ்வளவு பேர் எதற்கு எங்கள் மண்டபத்து வாசலில் வந்து நிற்கிறார்கள்?

எந்த அட்டையிலும் சேராதவர்கள்

என் கட்டத்தில் விழுந்த பதில்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தன. ரேஷன் கார்டு ஊரில். காப்பீட்டு அட்டை இல்லை, அல்லது பழசு ஒன்று மாமியார் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. இ.எஸ்.ஐ. இல்லை. கம்பெனி பெயர் கேட்டால், “பேரெல்லாம் இல்லீங்க, அந்த மூணாவது சந்துல ஒரு யூனிட்டு.”

கணக்கு எழுதுகிறவனுக்கு இது புரியக் கஷ்டமில்லை. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்துக்குத்தான். அதனால் இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் ஒன்பது என்ற எண்ணின் மகிமை தெரியும். மாடியில் ஒரு யூனிட், கீழே ஒரு யூனிட், இரண்டுக்கும் இரண்டு பெயர், இரண்டிலும் ஒன்பது ஒன்பது பேர். உண்மையிலேயே ஏழெட்டு பவர் டேபிளோடு, அதாவது தையல் மெஷினோடு, ஓடும் சின்ன யூனிட்களும் ஏராளம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெரிய கம்பெனியிலேயே கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஆளின் பெயர் யாருடைய நோட்டில் இருக்கிறது என்பது தனி ஆராய்ச்சி.

சரி, இ.எஸ்.ஐ. இல்லாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2009-ல் கலைஞர் காப்பீடு என்று தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மானோடு சேர்ந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிற திட்டம் அது. வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாய், பின்னர் அதை 1,20,000 ஆக்கினார்கள். அதாவது மாதம் பத்தாயிரம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிற குடும்பம் எதுவும் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்காது. வருமானச் சான்று எப்படியோ வாங்கிவிடலாம் என்பது வேறு விஷயம், அதற்கும் ஒரு நாள் லீவு போட்டுச் சொந்த ஊருக்குப் போக வேண்டும். வாங்கிவிட்டாலும் அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வேலை செய்யும். இதய அறுவைக்கு உதவும், சிறுநீரகக் கல்லுக்கு உதவும். தினமும் காலையில் போட வேண்டிய பிரஷர் மாத்திரைக்கு உதவாது. பீகாரிலிருந்து வந்த பையன் ஆயுஷ்மான் அட்டையைப் பர்ஸிலேயே வைத்திருந்தான், பாவம். அது இங்கேயும் செல்லும். ஆனால் அதற்கும் அவன் படுக்க வேண்டும்.

ஏழை என்று நிரூபிக்க முடியாத அளவுக்குச் சம்பளம், தொழிலாளி என்று நிரூபிக்க முடியாத வேலை. இவர்கள்தான் எங்கள் முகாமின் வாடிக்கையாளர்கள்.

பிளாஸ்டிக் கவர்

போன வருடத்து முகாமில் ஓர் அம்மா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. உசிலம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், இங்கே வந்து ரொம்ப வருஷம், செக்கிங் வேலை. அன்று டாக்டராக வந்திருந்தவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா. மற்ற டாக்டர்களைப் போல வேகமாக எழுதித் தள்ள மாட்டார், அதனால் அவர் வரிசை மட்டும் நகரவே நகராது. சங்கத்துக்காரர்களுக்கு அவர்மேல் உள்ளூர ஒரு வருத்தம் உண்டு.

“இப்ப என்ன மாத்திரை சாப்பிடறீங்க?” என்று கேட்டார். அந்த அம்மா ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் கவர் ஒன்றைத் திறந்து மேஜையில் கவிழ்த்தார். பாதி காலியான அட்டைகள், மடித்த சீட்டுகள், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. என் மேஜை பக்கத்திலேயே இருந்ததால் நானும் எட்டிப் பார்த்தேன்.

“இது சர்ச்சுல குடுத்தது டாக்டரம்மா. இது கட்சிக்காரவுக தலைவர் பொறந்தநாளுக்குப் போட்ட முகாம்ல குடுத்தது. இந்தப் பச்சை மாத்திரை, கண்ணு பாக்கப் போன எடத்துல சுகரு கூட இருக்குன்னு எழுதிக் குடுத்தாக, அது நான் காசு போட்டு வாங்குனது. காலைல இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு. ராத்திரிக்கு இது.”

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அட்டைகளின் முதுகில் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். படித்துப் படித்து இரண்டு குவியலாகப் பிரித்தார். அப்புறம் சொன்னார்: “இதுவும் இதுவும் ஒரே மருந்தும்மா. கம்பெனிப் பேருதான் வேற. இந்தப் பச்சையிலயும் அதேதான் இன்னொண்ணோட சேர்ந்து இருக்குது.”

“அப்ப ரெண்டும் ரெண்டு வேலை பாக்கலியா?”

“ஒரே வேலையை ரெண்டு மடங்கு பாக்குது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி கை நடுங்குமா?”

“நடுங்கும். வேர்த்து ஊத்தும். கண்ணு இருட்டும். சூப்பர்வைசரு டீ வாங்கிக் குடுப்பாரு, குடிச்சா நின்டுரும். சுகரு ஏறுதுன்னு நெனச்சேன்.”

ஏறியதல்ல, இறங்கியது. அந்த மூன்றிலும் இருந்த கிளிமிபிரைடு என்ற மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். அளவுக்கு மேல் போனால் சர்க்கரை சடசடவென்று இறங்கும், மயக்கம் போடும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று வெவ்வேறு மனிதர்கள், மூன்று வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளில், நல்ல எண்ணத்தோடு எழுதிக் கொடுத்ததை இவர் வஞ்சனை இல்லாமல் விழுங்கியிருக்கிறார். சூப்பர்வைசரின் டீயில் இருந்த சர்க்கரைதான் இத்தனை நாள் இவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

என் பழைய கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது. பதினோராம் நாள் என்ன செய்வார்கள்? அடுத்த முகாமுக்குப் போவார்கள். எந்த ஞாயிறு எந்த மண்டபத்தில், எந்தச் சபையில் மாத்திரை தருவார்கள் என்பது அந்த அம்மாவுக்கு மனப்பாடம். அடுத்த வாரம் அனுப்பர்பாளையம், அதற்கடுத்து காங்கேயம் ரோட்டில் ஒன்று. முகாம்களைத் தொடுத்துத் தொடுத்து ஒரு மாதத்து வைத்தியத்தை அவரே கட்டியிருந்தார். அரசாங்கம் செய்ய வேண்டிய ஒருங்கிணைப்பை ஒரு பிளாஸ்டிக் கவர் செய்துகொண்டிருந்தது.

“ஏம்மா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போயிரலாமில்ல? மாசத்துக்கும் சேர்த்துக் குடுப்பாங்களே” என்று டாக்டரம்மா கேட்டார்.

“போலாம்தான். சீட்டு வாங்கி, டாக்டரப் பாத்து, ரத்தம் குடுத்து, மாத்திரை வாங்கி வெளிய வர மணி ஒண்ணாயிரும். அதுக்கு மேல கம்பெனிக்குப் போனா உள்ள விட மாட்டாக. ஒரு நாச் சம்பளம் போயிரும். சம்பளம் போனாக்கூடப் பரவால்ல டாக்டரம்மா, நம்ம எடத்துக்கு வேற ஆளப் போட்டுட்டா?”

அரை ஷிப்டின் விலை

வெளியூர்க்காரர்களுக்கு இது புரிய வேண்டும் என்றால் திருப்பூர்க் கடிகாரத்தைச் சொல்ல வேண்டும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரை வரை ஒரு ஷிப்ட். அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தால் இரவு எட்டரை வரை, அது ஒன்றரை ஷிப்ட். சரக்கு எப்போதுமே இருக்கும் என்பதால் ஒன்றரைதான் நடைமுறையில் ஒரு நாள். சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு துணி துவைத்து, சந்தைக்குப் போய், கறி எடுத்துச் சமைத்து, தூங்கி எழ வேண்டும். இந்தக் கடிகாரத்தில் ஓ.பி. நேரம் என்று ஒரு துளை கிடையாது. ஆஸ்பத்திரியில் வாங்கும் சீட்டுக்குக் காசில்லை, ஆனால் அந்தச் சீட்டை வாங்கப் போகும் நேரத்துக்குக் காசு உண்டு. அதை நோயாளிதான் கொடுக்கிறார்.

ஐந்து ரூபாய் டாக்டர் என்று வடசென்னையில் பெயர் வாங்கிய ஜெயச்சந்திரன் 2018-ல் இறந்தபோதும், கோவை சித்தாபுதூரில் இருபது ரூபாய் டாக்டர் பாலசுப்ரமணியம் 2016-ல் இறந்தபோதும், ஊரே திரண்டு வந்து அழுததை நாம் பார்த்தோம். எல்லோரும் அந்த ஐந்து ரூபாயையும் இருபது ரூபாயையும் பற்றித்தான் எழுதினார்கள். அரசு ஆஸ்பத்திரியில் அதுகூடக் கிடையாதே, பிறகு ஏன் ஜனங்கள் இவர்களிடம் போனார்கள்? தெருவுக்குள்ளேயே இருந்தார்கள், போன வேகத்தில் வேலைக்குத் திரும்ப முடிந்தது, ஒரே டாக்டர் வருடக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்தார் என்பதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. மூன்று முகாம் மாத்திரையை ஒன்றாக விழுங்கும் விபத்து அந்த மாதிரி டாக்டரிடம் நடந்திருக்க வாய்ப்பில்லை.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2020-ல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் பற்றி எடுத்த ஸ்டெப்ஸ் ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். இத்தனை ஆஸ்பத்திரியும் மருந்தும் இருக்கிற மாநிலத்தில் இந்த லட்சணம். அதற்குப் பிறகுதான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ஒரு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து, மாத மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். என் அம்மாவுக்கு கிராமத்தில் அப்படித்தான் வருகிறது. வருகிற பெண் அம்மாவோடு அரைமணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவாள், அதுவும் ஒரு வைத்தியம்தான். மருந்தாகப் பார்த்தால் நான் அறிந்த நல்ல திட்டங்களில் இது ஒன்று. மாத்திரை அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்று இருக்கும், மருந்தின் பெயரே இருக்கும், கம்பெனிப் பட்டப்பெயர் இருக்காது. இரண்டு இடத்தில் வாங்கினாலும் இரண்டும் ஒன்று என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்குத் தெரியும்.

ஆனால் பகலில் திருப்பூர் லைன் வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். வரிசையாகப் பத்துக் கதவு, பத்திலும் பூட்டு. தேடி வருகிற மருத்துவம் யாரைத் தேடும்? தொழிலாளர் வேலை செய்யும் இடத்துக்கே போவது என்று 2024-ல் அந்தத் திட்டத்தை நீட்டினார்கள். நல்ல யோசனை. அதற்கும் ஒரு பெயர்ப்பலகை உள்ள கம்பெனியும், கேட்டைத் திறந்துவிடும் முதலாளியும் வேண்டும். மூன்றாவது சந்து யூனிட்டுக்கு எப்போது வருவார்கள் என்று தெரியவில்லை. அரசின் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் திறந்திருக்கின்றன, எட்டு மணி வரை. ஒரு ஷிப்ட் மட்டும் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அது போதும். ஒன்றரை ஷிப்ட்காரர் அரைமணி நேரத்தில் தவறவிடுவார்.

இந்த விஷயத்தில் பழைய இ.எஸ்.ஐ. சட்டம்தான் புத்திசாலி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 1948-ல் எழுதியவர்களுக்கு, தொழிலாளிக்கு நோய் வந்தால் மருந்துச் செலவோடு சம்பளமும் போகும் என்பது தெரிந்திருந்தது. மாத்திரையும் தருவார்கள். டாக்டர் சான்று கொடுத்து விடுப்பு எடுத்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும் தருவார்கள். முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது, ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அரை ஷிப்டுக்கெல்லாம் கணக்கே கிடையாது. டிஸ்பென்சரி வரிசையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு புராணம் சொல்வார்கள். அத்தனை குறையோடும், நோயாளியின் நேரத்துக்கு ஒரு விலை உண்டு என்று ஒத்துக்கொண்ட ஏற்பாடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு மாதம் 90 ரூபாய், முதலாளி பங்கு 390. ஒரு நாள் டீ, வடை, பன் செலவை எழுதும் கணக்கில் காணாமல் போகிற தொகை. முதலாளிகளிடம் சொன்னால், “அவங்களே வேண்டாங்கறாங்க, கையில முழுசாக் குடுங்கறாங்க” என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. பகலில் போக முடியாத டிஸ்பென்சரிக்காக யார் தொண்ணூறு ரூபாய் விடுவார்கள்?

நான்காவது மேஜை

அந்த முகாம் முடிந்த கையோடு டாக்டரம்மா சங்கத்துக்கு ஒரு நிபந்தனை போட்டார். இனி பிரஷருக்கும் சுகருக்கும் முகாமில் புதிதாக மாத்திரை கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, வேண்டாததை நிறுத்தி, மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்து நலவாழ்வு மையத்துக்கு ஒரு கடிதம் தர வேண்டும். அதோடு சரி.

சங்கத்தில் பெரிய ரகளை. “மாத்திரை தராத முகாமுக்கு யாருங்க வருவாங்க?” என்றார் பொருளாளர். அவர் சொன்னது ஓரளவுக்கு நடந்தது. அடுத்த முறை கூட்டம் குறைந்தது. ஒரு பெரியவர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதைக் கரைச்சுக் குடிக்கறதாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதில் தப்பில்லை. கடிதம் கொடுப்பவர்களுக்குக் கை கழுவிய திருப்தி கிடைக்கும், வாங்குபவருக்கு இன்னொரு வரிசை கிடைக்கும். உசிலம்பட்டி அம்மா மட்டும் இப்போது இரவு வேலை இல்லாத நாளாகப் பார்த்து மையத்துக்குப் போகிறார். ஒரே ஒரு அட்டை, ஒரே சீட்டு. கை நடுக்கம் நின்றுவிட்டது என்று போனில் சொன்னார். அவர் ஒரு ஆள், என் நோட்டில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த முறை டாக்டரம்மா இன்னொரு யோசனை சொல்லியிருக்கிறார். முகாமை ஞாயிறு காலையில் வைக்க வேண்டாம், சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிகிற நேரத்தில் யூனிட் இருக்கும் சந்திலேயே வைக்கலாம், மாதா மாதம், அதே டாக்டர், அதே நோட்டு. மாத்திரையை நலவாழ்வு மையத்திலிருந்தே கொண்டுவரும்படி அங்கிருக்கும் டாக்டரிடம் பேசிப் பார்ப்பதாகவும் சொன்னார். மேடை கிடையாது, சால்வை கிடையாது. செயலாளர் நண்பனுக்கு முகம் சுருங்கினாலும் மறுக்கவில்லை.

இடத்துக்காக நான் கணக்கு எழுதும் ஒரு முதலாளியிடம் கேட்டேன். நல்ல மனுஷன். பேக்கிங் ஹாலைத் தருகிறேன், லைட்டு, ஃபேன், எல்லோருக்கும் டீகூட என் செலவு என்றார். ஒரே ஒரு விண்ணப்பம்: பதிவு நோட்டில் ‘எங்கே வேலை, என்ன அட்டை’ என்ற அந்தக் கட்டம் மட்டும் வேண்டாம். டாக்டரம்மாவிடம் சொன்னேன். கட்டம் இருக்கும் என்று சொல்லிவிட்டார். முதலாளியும் இன்னும் சாவியைக் கொடுத்தனுப்பவில்லை.